இரண்டு நாள் தலைவலிக்காக மருத்துவமனைக்குப் போகலாமா, ஒன்பது நாள் காத்திருக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். தலைப்பிரசவம், 33-ஆவது வாரம். இரண்டு நாளாகத் தலைவலி. மாத்திரை போட்டால் சற்றுத் தணிந்து மீண்டும் வருகிறது. காலையில் எழும்போது முகம் உப்பியிருக்கிறது, மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. குழந்தையின் அசைவு நேற்று மாலையிலிருந்து குறைந்தாற்போலத் தோன்றுகிறது, ஆனால் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. மாமியார் வெயில் சூடு என்கிறார். கணவர் 'நீ சொன்னால் போகலாம்' என்கிறார். போன மாதம் ஒரு சிறு வலிக்காகப் போனபோது மருத்துவர் கடிந்துகொண்டார். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இது என்ன நோய் என்று நீங்கள் கேட்கவில்லை. இதற்காகப் போய் நிற்கலாமா, போனபின் ஒன்றுமில்லை என்றால் எல்லோர் முன்னும் அசடு வழிய நேருமா என்பதுதான் உங்கள் கேள்வி.

போக வேண்டும், இன்றே போக வேண்டும். மீதியை வழியில் படித்துக்கொள்ளலாம். நான் மருத்துவரல்ல, செவிலியர். 31 ஆண்டுப் பணியில் பாதி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மறுபாதி ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டிலும் கழிந்தது. உங்களுக்கு இன்ன நோய் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் போவதா வேண்டாமா என்ற முடிவை எப்படி எடுப்பது என்பதை வார்டின் வாசலில் நின்று பல ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி 'இது ஆபத்தா?' என்பது. அந்தக் கேள்விக்கு வீட்டிலிருந்தபடி விடை கிடையாது. விடை கிடைக்காதபோது, வயதில் மூத்தவர் சொல்வதே விடையாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, 'இது ஆபத்தா இல்லையா என்பதை இந்த வீட்டில் உள்ள யாராலாவது கண்டுபிடிக்க முடியுமா?' என்று கேட்டுப் பாருங்கள். நாள் முழுக்க நின்றதால் பாதம் வீங்கி, இரவு படுத்து எழுந்ததும் வடிந்துவிட்டால், அதைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். தலைவலி வெயிலால் வந்ததா இரத்த அழுத்தத்தால் வந்ததா என்பதை எந்தக் கண்ணும் பார்க்க முடியாது. அதற்குக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்க வேண்டும். பத்துப் பிள்ளை பெற்ற பாட்டியாலும் முடியாது, இதை எழுதும் என்னாலும் முடியாது.

உங்கள் விஷயத்தில் நாங்கள் முதலில் இல்லையென்று உறுதிசெய்ய நினைப்பது முன்சூல்வலிப்பு (ப்ரீஎக்லாம்ப்சியா) என்னும் நிலையை. வார்டில் இதைப் பி.ஐ.எச்., அதாவது கர்ப்பத்தால் வரும் உயர் இரத்த அழுத்தம், என்ற பெரிய குடைக்குள் சேர்த்துப் பேசுவோம். இதில் உறுதியாகத் தெரிந்தவை சில உண்டு. கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில் இருமுறை பதிவானால் அது கவனிக்க வேண்டிய அளவு. மேல் எண் 160 அல்லது கீழ் எண் 110-ஐத் தொட்டால் அந்த நான்கு மணி நேரத்துக்கும் பொறுக்கக் கூடாது. சில நிமிடங்களில் மறுபடி பார்த்துவிட்டுச் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள். அழுத்தத்தோடு சிறுநீரில் புரதம் இறங்குவதோ, ஈரல், சிறுநீரகம், இரத்தத் தட்டணுக்கள் ஆகியவை பாதிக்கப்படுவதோ சேர்ந்தால் முன்சூல்வலிப்பு. முற்றினால் வலிப்பு வரலாம். பழைய ஆட்கள் 'பிரசவ ஜன்னி' என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான். விடாத தலைவலி, கண் முன் பூச்சி பறப்பது அல்லது பார்வை மங்குவது, மேல் வயிற்றில் நெஞ்சுக்குழியை ஒட்டி அல்லது வலப்புற விலாவின் கீழ் வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது ஆகியவை இதன் குறிகள். இவற்றில் இரண்டை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உறுதியில்லாததையும் சொல்லிவிட வேண்டும். கர்ப்ப காலத் தலைவலிகளில் பெரும்பாலானவை தூக்கக் குறைவு, பசி, நீர் குறைவு என்று சாதாரணக் காரணங்களால் வருபவை. உங்களுடையதும் அப்படியே இருக்கலாம். முகம் உப்புவதும் தனியே எதையும் நிரூபிப்பதில்லை, அதனால் வீக்கத்தை இப்போது நோயின் வரையறையிலேயே சேர்ப்பதில்லை. மறுபுறம், அழுத்தம் 170-ஐத் தாண்டியும் சிரித்துப் பேசிக்கொண்டு நடந்து வந்த பெண்களையும் பார்த்திருக்கிறேன். குறி இருந்தால் நோய் உண்டு என்பதும் பொய், குறி இல்லையென்றால் நோய் இல்லை என்பதும் பொய். அதனால்தான் எண்ணைப் பார்க்கச் சொல்கிறேன். ஒன்று கூடுதலாக: தொடக்க மாதங்களில் 100/60 என்றிருந்த ஒருவருக்கு இப்போது 136/86 வந்தால், இப்போதைய வரையறைப்படி அது நோயாகாது, ஆனாலும் அந்த ஏற்றத்தைப் பார்த்த அனுபவமுள்ள செவிலியர் உங்களை ஒன்பது நாள் கழித்து வரச் சொல்ல மாட்டார். உங்கள் தாய் சேய் நல அட்டையில் ஒவ்வொரு வருகையிலும் எழுதப்பட்ட எண்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

நான் பணியில் சேர்ந்த புதிதில் சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டைகள் எங்கள் நிலையத்துக்கு வந்திருக்கவில்லை. சோதனைக் குழாயில் முக்கால் பங்கு சிறுநீரை ஊற்றி, அடியைப் பிடித்துக்கொண்டு, மேல் பாதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். சற்று நேரத்தில் மேலே வெண்மையாகக் கலங்கும். இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டதும் கலங்கல் கரைந்தால் அது வெறும் உப்புப் படிவு. கரையாமல் முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததுபோலத் திரண்டு நின்றால் புரதம். அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கீழ்ப் பாதியின் தெளிவையும் மேல் பாதியின் கலங்கலையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, எதிரே பெஞ்சில் பூ வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தில் எதுவுமே தெரியாது.

இனி அசைவு. 'கடைசி மாதங்களில் இடம் போதாது, அதனால் குழந்தை அசையாது' என்று உங்களுக்கும் யாரேனும் சொல்லியிருப்பார்கள். அது தவறு. அசைவின் தன்மை மாறலாம், உதைப்பது புரள்வதாகத் தோன்றலாம், ஆனால் பிரசவம் வரை குழந்தை அசைந்துகொண்டுதான் இருக்க வேண்டும். ஐயம் இருந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, வேறு வேலையில்லாமல் கவனித்து, இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவாவது வருகிறதா என்று பார்ப்பது நீண்ட நாள் வழக்கம். இதன் பலம் எவ்வளவு என்பதில் மருத்துவ உலகமே ஒருமித்துப் பேசவில்லை: பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை வைத்து நடந்து, 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், அசைவைக் கவனிக்கச் சொல்லி விழிப்பூட்டி, உடனுக்குடன் பரிசோதித்தும், வயிற்றிலேயே இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஆகவே பத்து என்ற எண்ணை வேதவாக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் குழந்தையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அந்த வழக்கம் மாறியிருந்தால் பதினொன்று வந்தாலும் போகலாம். இனிப்பு ஜூஸ் குடித்துவிட்டுப் பார்க்கச் சொல்வதை நம்பி நேரம் போக்க வேண்டாம். உங்களுக்குத் தலைவலியும் சேர்ந்திருப்பதால் இந்த இரண்டு மணி நேரக் கணக்கே தேவையில்லை. அங்கே போனால் என்.எஸ்.டி. எடுத்துக் குழந்தையின் இதயத் துடிப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்துவிடுவார்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் எழுதுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஒரு மாலை, புறநோயாளிப் பிரிவு முடியும் நேரம், எட்டாம் மாதத்தில் இருந்த ஒரு பெண் வந்து நெஞ்செரிச்சல் என்றாள். மத்தியானம் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டதாகவும் சொன்னாள். நெஞ்சுக்குழியில் கைவைத்துக் காட்டினாள். கேஸ் மாத்திரை இரண்டு கொடுத்து அனுப்பினேன். இரத்த அழுத்தக் கருவி மேசையின் மறுகோடியில், எட்டினால் கைக்குக் கிடைக்கும் தூரத்தில், மூடி வைத்திருந்தது. அன்றிரவு பத்தரை மணிக்கு வலிப்போடு அவளைத் தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டாள், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பிறந்த குழந்தையும் பல வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்து தேறியது. கல்யாணச் சாப்பாடு என்ற காரணம் அவளுக்கும் வசதியாக இருந்தது, எனக்கும் வசதியாக இருந்தது. அன்றிலிருந்து கர்ப்பிணி எந்தக் குறையைச் சொன்னாலும் முதலில் பட்டையைச் சுற்றிவிட்டுத்தான் பேச்சைத் தொடர்வேன்.

நம் வீடுகளில் கல்யாணச் சாப்பாட்டைவிட வசதியான காரணம் 'சூடு'. தலை வலித்தால் சூடு, சிறுநீர் எரிந்தால் சூடு, உள்ளங்கை அரித்தால் சூடு, அடிவயிறு இழுத்தால் சூட்டு வலி. மோரும் இளநீரும் கொடுத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை, நானும் குடிக்கச் சொல்பவள்தான். ஆனால் சிறுநீர் எரிச்சல் கிருமித் தொற்றாக இருந்தால் சிறுநீரகம் வரை ஏறிக் குளிர்காய்ச்சலாகி, குறைமாதப் பிரசவத்திலும் முடியலாம். தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தூங்கவிடாமல் அரித்தால், ஈரலில் பித்தநீர் தேங்குகிறதா என்று பித்த அமிலத்துக்கான இரத்தப் பரிசோதனையைச் செய்து பார்க்க வேண்டும். அளவு மிக அதிகமானால் குழந்தைக்கு ஆபத்து. விட்டுவிட்டு வரும் அடிவயிற்று இழுப்பு 39 வாரத்தில் பொய் வலியாக இருந்தால், சோம்புக் கஷாயம் குடித்துவிட்டு நிற்கிறதா என்று பார்ப்பதில் குற்றமில்லை. 33 வாரத்தில் அதையே செய்வது வேறு விஷயம். உங்கள் மாமியார் அக்கறையில்லாமல் சொல்லவில்லை. அவர் காலத்தில் சூடு என்றவற்றில் பெரும்பாலானவை தாமாகவே சரியாகியிருக்கும், அதனால் அந்தச் சொல்லுக்கு அவரிடம் சாட்சி இருக்கிறது. சரியாகாதவற்றை யாரும் சூடு என்ற பெயரில் நினைவு வைத்துக்கொள்வதில்லை.

33 வாரத்தில் நேரம் ஏன் முக்கியம் என்றால், முன்கூட்டியே பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால் குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இருவர் 1972-இல் காட்டிய வழி அது. இன்று ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்திருக்கிறது. அதன் முழுப் பயன் கிடைக்க ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்ஃபேட் இருக்கிறது. 33 நாடுகளில் ஏறக்குறைய 10,000 பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு, அது வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே குறைப்பதாகக் காட்டியது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே, புட்டத்தின் இருபுறமும் 5 கிராம் வீதம் முதல் ஊசியை நாங்களே போட்டுவிடுவோம். மருந்து இருக்கிறது, வேலை செய்கிறது, பக்கத்து ஊரிலேயே கிடைக்கிறது. வீட்டுக்குள் கழியும் மணிகளுக்குத்தான் மருந்து இல்லை.

தாய்மார் இறப்பில் மூன்று தாமதங்கள் இருப்பதாக 1994-இல் தடேயஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள்: போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். தமிழ்நாட்டில் 2008-இல் 108 வண்டி வந்தபின் இரண்டாவது தாமதம் எவ்வளவோ குறைந்தது. மாவட்டந்தோறும் 'சீமாங்க்' என்று நாங்கள் சொல்லும் இருபத்துநான்கு மணி நேர மகப்பேறு மையங்கள் வந்தபின் மூன்றாவதும் குறைந்தது. 2018-20 கணக்கில் உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் அது 54. மிஞ்சியிருப்பதில் முதல் தாமதத்தின் பங்கு எவ்வளவு என்று என்னால் எண்ணாகச் சொல்ல முடியாது. ஆனால் 'நாளைக்கு வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை போகலாம்', 'அவர் வேலை முடிந்து வரட்டும்', 'ராகு காலம் கழியட்டும்' என்ற வாக்கியங்களை நோயாளியின் உறவினர் வாயிலிருந்து எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்கும் கணக்கில்லை.

திட்டு வாங்கும் பயம் நியாயமானது. எங்கள் தொழிலில் வாய்க்கடுமை உண்டு, அதை நான் மறைக்கப் போவதில்லை. இருநூறு பேர் வரிசையில் நிற்கும் நாளில் நானும் எரிந்து விழுந்திருக்கிறேன். அதற்குத் தப்ப ஒரு வழி, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வது. 'ஒரு மாதிரியாக இருக்கிறது' என்று தொடங்காமல், '33 வாரம், முதல் குழந்தை, இரண்டு நாளாகத் தலைவலி, இன்ன மாத்திரை போட்டும் நிற்கவில்லை, முகம் வீங்கியிருக்கிறது, நேற்று மாலையிலிருந்து அசைவு குறைவு' என்று சொல்லிப் பாருங்கள். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட எந்தச் செவிலியரும் உங்களை வரிசையின் கடைசிக்கு அனுப்ப மாட்டார். மாத்திரையின் பெயர் முக்கியம்: பாராசிட்டமால் என்றால் கவலையில்லை, ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை 20 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் சொல்லாமல் போடக் கூடாது. அழுத்தம் பார்க்காமலோ சிறுநீரைச் சோதிக்காமலோ அனுப்பினால், 'பி.பி. எவ்வளவு என்று அட்டையில் எழுதித் தாருங்கள்' என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, எழுதுவதற்காகவாவது பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் நிம்மதியாக வாருங்கள். ஆனால் அந்த 'சரி' அந்த நேரத்துக்கு உரியது. இரவில் தலைவலி மோசமானால், காலையில்தான் பார்த்தோமே என்று இருந்துவிடாமல் மறுபடி போக வேண்டும்.

வீட்டில் டிஜிட்டல் கருவி இருந்தால் பார்க்கலாம்: ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகு சாய்த்து, இரு பாதமும் தரையில் படிய, பட்டை நெஞ்சின் மட்டத்தில் இருக்கும்படி. மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம். அதிக அளவு காட்டினால் நம்புங்கள். சரியான அளவு காட்டினால், தலைவலி இருக்கும்வரை, அதை மட்டும் நம்பி வீட்டில் இருக்காதீர்கள். சில கருவிகள் முன்சூல்வலிப்பில் உண்மை அளவைவிடக் குறைத்துக் காட்டுவதுண்டு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வரி. மாலையில் வீங்கிக் காலையில் வடியும் பாதம், கெண்டைக்கால் பிடிப்பு, இடுப்புவலி, வாடையோ அரிப்போ இல்லாத வெள்ளைப்படுதல் போன்றவை அடுத்த பரிசோதனை வரை பொறுக்கும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் பொறுக்காது, இரத்தக் கட்டியாக இருக்கலாம். எந்த மாதத்தில் இரத்தம் பட்டாலும், பனிக்குடம் உடைந்து நீர் ஒழுகினாலும், மயங்கி விழுந்தாலும், திடீரென மூச்சுத் திணறினாலும், வலிப்பு வந்தாலும், யோசனைக்கே இடமில்லை. கர்ப்பம் உறுதியான முதல் வாரங்களில் ஒருபக்க அடிவயிற்று வலியோடு தலைசுற்றலோ தோள்பட்டை வலியோ வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும். உங்கள் இரத்தம் நெகட்டிவ் வகை என்றால் இரத்தக் கசிவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி ஒன்று உண்டு, அதை நீங்களே நினைவூட்டுங்கள். பிரசவம் முடிந்துவிட்டால் இந்த அழுத்தக் கவலை தீர்ந்தது என்று எண்ணவும் வேண்டாம். அடுத்த ஆறு வாரம் வரை, தாய் வீட்டில் பத்தியச் சாப்பாட்டில் இருக்கும்போதும், முதல் முறையாக அது தலைகாட்டலாம்.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குவது என்றால் முதலில் அங்கேயே போகலாம். அழுத்தமும் சிறுநீரும் பார்க்கப் பத்து நிமிடம் போதும், மேலே அனுப்ப வேண்டுமென்றால் அவர்களே வண்டி ஏற்பாடு செய்வார்கள். போகும் வழியில் பார்வை மங்கினாலோ மேல் வயிறு வலித்தாலோ ஆட்டோவை நிறுத்தி 108-ஐ அழையுங்கள். தாய் சேய் நல அட்டை, கடைசி ஸ்கேன், நீங்கள் போட்ட மாத்திரையின் அட்டை ஆகிய மூன்றையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். மோதிரத்தைச் சோப்பு நுரை தடவி இப்போதே கழற்றிவிடுங்கள். வீக்கம் கூடினால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், எண்ணை அவரும் பார்க்கட்டும்.